கடைமடை விளைச்சல்

புள்ளியியல் நடத்திப் பிழைக்கிறவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: சராசரி என்றால் என்னவென்று அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நீடாமங்கலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அதைத்தான் நான் சொல்லித்தருகிறேன். இந்தப் பாடத்தை நடத்தியோ படித்தோ நொந்துபோன உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

களத்தில் இல்லாத நெல்

பொங்கல் சமயத்து மழையில் என் மாணவி செல்வராணியின் அப்பா வயல் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அவர்கள் வயல் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. கோடையில் அங்கே தண்ணீர் கடைசியாக வரும். மழையில் கடைசியாக வடியும். அதே ஊரில் வாய்க்கால் தொடங்குகிற தலைமடை வயல்கள் மேட்டில் இருப்பதால் தப்பித்தன.

பயிர்க் காப்பீட்டுக்கு ஊரின் சராசரி விளைச்சலைத்தான் பார்ப்பார்கள். சராசரி நன்றாக இருந்ததால் ஒருவருக்கும் இழப்பீடு இல்லை. முறையிடப் போனவர்களிடம், கடைமடை தனியாக அழிந்ததற்கு மாதக் கடைசிக்குள் கணக்கெடுத்து வந்தால் மேலே பேசிப் பார்ப்பதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். வகுப்பில் நான் சராசரிக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தபோது செல்வராணி எழுந்தாள். "அப்ப எங்க நெல்லும் அந்தச் சராசரியில இருக்கு சார். களத்துலதான் இல்ல."

சேறும் சீட்டும்

கணக்கை நாமே எடுப்போம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். தலைமடையில் பாதி, கடைமடையில் பாதி என்று வீடுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். மனச்சாய்வு வரக் கூடாதென்று, சொந்த வீட்டில் யாரும் கேட்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் போட்டேன். அந்தச் சட்டத்தில் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

பிள்ளைகள் போன வேகத்தில் திரும்பினார்கள். தலைமடை முழுக்க முடிந்திருந்தது. கடைமடையிலோ, சீட்டில் வந்த வீடுகளை விட்டுவிட்டு ரோட்டோரத்து வீடுகளில் கேட்டு வந்திருந்தார்கள். எதற்குக் குலுக்கினோம் என்று தொண்டை வறளக் கத்தினேன். குழுத் தலைவன் பிரகாஷ் பொறுமையாக எனக்குப் புரியவைத்தான். "உள்ள ஒரே சேறு சார், கடைசி பஸ்ஸும் போயிரும். எல்லாரும் விவசாயம் பாக்குறவங்கதானே, யாரைக் கேட்டா என்ன?"

இரண்டு தசமம்

திருப்பி அனுப்பினேன். இந்தத் தடவை சேற்றில் இறங்கிச் சரியான வீடுகளிலேயே கேட்டு வந்தார்கள். ஆனால் சில வயல்கள் மற்றவற்றைப் போல மூன்று மடங்கு விளைந்திருந்தன. துருவிப் பார்த்தால், பாதிப் பேர் மாவுக்கு இத்தனை மூட்டை என்றும் மீதிப் பேர் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்றும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். பிள்ளைகள் மூட்டையை மட்டும் எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் கூட்டி வகுத்தும் விட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு எது மா, எது ஏக்கர் என்று பிரிக்கச் சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிப் பொருளாதாரப் பேராசிரியர் அந்தத் தாளை எடுத்து ரசித்துப் பார்த்தார். "ரெண்டு தசமம் வரைக்கும் சுத்தமா போட்டிருக்காங்களே சார், அப்புறம் என்ன கவலை?"

கண் படும்

பிரித்த பிறகும் தலைமடைக் கணக்கு இடித்தது. நல்ல விளைச்சல் என்று ஊரே பேசுகிற இடத்தில் அரை விளைச்சல்தான் பதிவாகியிருந்தது. சந்தேகம் தாங்காமல் நானே ஒரு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உத்தரம் வரைக்கும் மூட்டை அடுக்கியிருந்தது. வீட்டுக்காரர் அதற்கு முன்னால் நின்றுகொண்டு, "ஏதோ விளைஞ்சுதுங்க" என்றார்.

நான் மூட்டைகளைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து மெதுவாக வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தார். "கண்ணு பட்டா அடுத்த வெள்ளாமை போயிரும் சார். இந்தத் தெருவுல எல்லாரும் பாதிதான் சொல்லுவோம், நீங்களும் பாதின்னே எழுதிக்குங்க."

மேடும் பள்ளமும்

அப்போதும் நான் கலங்கவில்லை. தலைமடையைப் பாதியாக்கினாலும், அழுகிப்போன கடைமடை அதற்கும் கீழேதானே இருக்கும்? செல்வராணியை வைத்துக்கொண்டே கூட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கத்துச் சராசரியும் ஒன்றாக இருந்தன. அவள் தன் வீட்டுத் தாளைத் தேடி எடுத்தாள். அமோக விளைச்சல் என்றிருந்தது.

இருவரும் அவள் அப்பாவைத் தேடிப் போனோம். மாடுகூட முகராத வைக்கோலை வயலிலிருந்து வரப்பில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்றேன். அழுகிய வாடையில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ராணிக்கு ஒரு எடம் வந்திருக்கு சார். கேக்க வந்த புள்ளைங்கள்ல ஒண்ணு மாப்பிள்ளை வீட்டு ஊரு. வயலு போச்சுன்னு அது கிட்ட எப்படிச் சொல்றது? இங்க எல்லா வீட்லயும் ஒரு கல்யாணப் பேச்சு ஓடுது. நிச்சயம் முடியட்டும், உண்மையைச் சொல்லிடுறோம்."

நிச்சயம் வைகாசியில். அதிகாரி சொன்ன கெடுவோ இந்த வாரத்தோடு முடிகிறது. இந்தக் கணக்கைக் கொடுத்தால் கடைமடை நன்றாக விளைந்தது என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகும். மாற்றி எழுதிக் கொடுத்தால் அது கணக்கே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் செல்வராணியைப் பார்த்தேன். அவளுக்குக் கல்யாணப் பேச்சே அப்போதுதான் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "வெளைச்சலு, கல்யாணம், ரெண்டையும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ப்பா."

மேட்டில் இருப்பவர் கண்ணுக்குப் பயந்து குறைத்துச் சொல்ல, பள்ளத்தில் இருப்பவர் மானத்துக்குப் பயந்து கூட்டிச் சொல்ல, இரண்டு பயமும் நடுவில் சந்தித்துக்கொள்கிற இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் நான் வருஷா வருஷம் சூத்திரம் சொல்லித்தருகிறேன்.