மூணாம் நம்பர் அக்காவின் சில்லறை

"நீங்க குடுத்தது ஐநூறு. ஐநூறு. பாத்துக்குங்க."

வரிசையின் கடைசி ஆள்வரை கேட்கும்படி இதைச் சொல்லிவிட்டு, மூணாம் நம்பர் அக்கா அந்த நோட்டைக் கல்லாவுக்குள் போடாமல் ஸ்டேப்ளருக்கு அடியில் செருகி வைப்பார். பொருள் வாங்கியவர் மீதியை வாங்கி, பையைத் தூக்கி, இரண்டு எட்டு நகர்ந்த பிறகுதான் நோட்டு உள்ளே போகும். பழைய சண்டை ஒன்று விட்டுச்சென்ற பழக்கம். "ஆயிரம் குடுத்தேன்னு ஒருத்தி அடம் புடிச்சு நின்னா பாரு. குடுத்தது ஐநூறு. கடைசியில என் சம்பளத்துலதான் கை வெச்சாங்க. அதுலருந்து ஒவ்வொரு நோட்டுக்கும் காவல் போட்டுட்டேன்."

கடையில் நான்கு கவுன்டர்கள். முதல் மூன்றில்தான் எப்போதும் ஆள் இருக்கும். நான்காவதில் உடைந்த தள்ளுவண்டிகள். அக்காவின் சட்டையில் பெயர் குத்திய அட்டை இருந்தாலும் யாரும் படிப்பதில்லை. முதலாளியிலிருந்து கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் மூணாம் நம்பர்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டுத் தேடுவார். வலது ஆட்காட்டி விரலில் நீல ரப்பர் உறை. நாற்காலி இருந்தும் நின்றுகொண்டேதான் வேலை. "உக்காந்தா கோவம் இடுப்புல தங்கிடுது" என்பது அவர் சொல்லும் காரணம்.

அவருக்கு நேர் எதிரே, பொருள் திருப்பி எடுக்கும் மேசை என்னுடையது. கிழிந்த பாக்கெட்டையும் அளவு சரியில்லாத செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, நடுநடுவே வேறு வேலைகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். மேசையில் கம்ப்யூட்டர் இருப்பதால் என்னை அதிகாரி என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். மறுக்கவும் மனமில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அதனால் அதிகம் பேசாமல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்தவரை, அவர் அலுத்துக்கொள்ளாத நாள் ஒன்றுகூட இல்லை. அலுத்துக்கொள்ளக் காரணம் இல்லாத நாளும் இல்லை.

மொத்தத் தொகையைச் சொன்ன பிறகுதான் பலர் பர்ஸைத் தேடத் தொடங்குவார்கள். "இவ்வளவு நேரம் வரிசையில நின்னாங்களே, பணம் கேப்பேன்னு தெரியாதா? சும்மா தூக்கிக் குடுத்துடுவேன்னு நெனச்சாங்களா?" இன்னும் சிலர், நானூற்றுப் பன்னிரண்டுக்கு ஐநூறு நீட்டி, அக்கா மீதி எண்பத்தெட்டை எண்ணி எடுத்து நீட்டும்போது, "இருங்க, பன்னெண்டு இருக்கு" என்பார்கள். எண்ணியதெல்லாம் திரும்ப உள்ளே போகும். பன்னிரண்டை வாங்கி நூறு எடுக்க வேண்டும். "இதை மொதல்லயே சொன்னா வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?" என்பார். முகத்துக்கு நேராக இல்லை, பன்னிரண்டைப் பார்த்து.

போனில் பணம் அனுப்புகிறவர்களோடு நடப்பது தனி வழக்கு.

"போயிடுச்சுக்கா."

"எங்க போச்சு? எனக்கு வரலயே."

"என்கிட்டருந்து போயிடுச்சு. இதோ பாருங்க."

"உங்ககிட்டருந்து கெளம்பிடுச்சு, என்கிட்ட வந்து சேரல. நடுவழியில எறங்கி டீ குடிக்குதா?"

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு அக்காவை முறைப்பார்கள். சிக்னல் இல்லாததற்கும் அவர்தான் பொறுப்பு. காலுறைக்குள்ளிருந்து எடுத்த ஈர நோட்டையும், பாதிக்குமேல் செலோடேப்பாகவே இருக்கும் நோட்டையும் வாங்கித் தட்டி, முகம் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கிவைப்பார். வீட்டிலும் இதே கைதான். வேன் ஓட்டும் கணவரின் சட்டைப்பையில் கசங்கிக் கிடப்பதையும் எடுத்து நீவி அடுக்கிவிடுவாராம். "இங்கயும் கல்லா தொறந்துட்டியா?" என்று அவர் கேட்பாராம்.

ஆனால் அக்காவின் பெரிய எரிச்சல் மனிதர்கள் மேல் இல்லை, விலைச்சீட்டு மேல். எங்கள் கடையில் எல்லாமே தொண்ணூற்றேழு, நாற்பத்தாறு, நூற்றுத் தொண்ணூற்றெட்டு. "ரெண்டு கொறச்சா மலிவாத் தெரியுதாம். சரி, அந்த ரெண்டை யாரு திருப்பித் தர்றது? வெலை போட்டவன் வந்து தர்றானா?" காலையில் அலுவலகம் தரும் சில்லறைப் பொட்டலம் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும். கூட்டம் சேரும் முன்பே தீர்ந்துவிடும். மேலே கேட்டால், "சமாளிங்க மேடம்."

அவர் சமாளித்த விதம் எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு கட்டணக் கழிப்பறை. அதன் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் நாள் முழுக்கச் சில்லறையாகவே சேரும். அதை எண்ணி ஒப்படைப்பது அவருக்குத் தலைவலி. "வா தங்கச்சி, இன்னிக்கு நல்ல கூட்டம்" என்று அக்காவைக் கண்டதும் டப்பாவைத் தள்ளுவார். அக்கா தன் கைப்பணத்தில் மூன்று நூறு நோட்டுகளைக் கொடுத்து, முந்நூறுக்கும் காசாக வாங்கிக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் வாளியில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, அலசி, பழைய துண்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் காயவைப்பார். மறுநாள் காலை அது கல்லாவுக்குள் போகும். கடை மூடும்போது அதற்கு ஈடாக மூன்று நூறு நோட்டுகளை எடுத்துக்கொள்வார். லாபம் ஒன்றுமில்லை, சோப்புத்தூள்தான் நஷ்டம். மற்ற இரண்டு கவுன்டர்காரர்களும் அவரிடம்தான் வந்து மாற்றுவார்கள்.

"அருவருப்பா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"மத்தவங்க குடுக்கற காசெல்லாம் எங்கருந்து வருதுன்னு உனக்குத் தெரியுமா? நானாச்சும் கழுவிக் குடுக்கறேன்."

சொந்தப் பணத்தைக் கவுன்டருக்குக் கொண்டுவரக் கூடாது என்று விதி உண்டு. மீறினால் கவுன்டரை விட்டு எடுத்துவிடுவார்கள். பொருள் அடுக்கும் வேலைதான். கவுன்டரில் நிற்பதற்கென்று சம்பளத்தோடு தனியாக ஒரு படி வருகிறது. "அந்தப் படியிலதான் மாமியார் மாத்திரை ஓடுது" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் காசைக் கொண்டுவந்தார். சில்லறை இல்லாமல் ஒருவரிடம் கையை விரிப்பது அவருக்குத் திட்டு வாங்குவதைவிடக் கேவலம்.

போன வாரம் புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்தார். என்னைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கலாம். குரலை உயர்த்தாத, 'மேடம்' போடாமல் பேசாத மனிதர். ஒரு மதியம் நேராக மூணாம் நம்பருக்கு வந்து, "திடீர்க் கணக்கு மேடம். கையை எடுத்துடுங்க" என்றார்.

அப்போது அக்காவின் விரல் காசுக் குழிக்குள் இருந்தது. எதிரே பற்பசையோடு ஒருவர். நாற்பத்தாறுக்கு ஐம்பது கொடுத்திருந்தார்.

"இவருக்கு நாலு தரணும் சார்."

"எண்ணி முடிச்சதும் தரலாம் மேடம்."

"அப்ப நான்?" என்றார் பற்பசைக்காரர்.

"ஒரு நிமிஷம் சார்."

அந்த நிமிடம் நீண்டுகொண்டே போனது. வரிசை முனகிக்கொண்டு பக்கத்துக் கவுன்டருக்கு நகர்ந்தது. பற்பசைக்காரர் நகரவில்லை. மேற்பார்வையாளர் ஸ்டேப்ளருக்கு அடியில் இருந்த ஐம்பதையும் சேர்த்து இரண்டு முறை எண்ணினார்.

"முன்னூத்தி நாலு கூடுதலா இருக்கு மேடம்."

"அதுல நாலு இவரோடது. முன்னூறு என்னோடது. கடையோடது ஒண்ணும் இல்ல."

கழிப்பறை, வாளி, துண்டு, எல்லாவற்றையும் அக்காவே சொன்னார். பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் கையிலிருந்த காசை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். கூடுதலுக்குக் காரணம் எழுதாமல் கணக்கு மூடாது. அதில் இருந்த காரணங்கள் இரண்டு: வாடிக்கையாளருக்கு மீதி குறைத்துக் கொடுத்தது, சொந்தப் பணம் கலந்தது.

"முதலாவதைப் போட்டுடறேன் மேடம். ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சுடும். ரெண்டாவதுன்னா உங்களக் கவுன்டர்ல வெச்சுக்க முடியாது." உதவி செய்கிறவர் குரலில்தான் சொன்னார். நல்லெண்ணம்தான்.

"நான் மீதியக் கொறச்சுக் குடுத்தேன்னு போடுவீங்களா?"

"சும்மா, பேருக்குத்தான் மேடம்."

"யாரு பேருக்கு?"

ரெண்டாம் நம்பர் கவுன்டரிலிருந்து, "ஒத்துக்கக்கா, முன்னூறு போனாப் போகுது" என்று கிசுகிசுப்பு வந்தது.

கல்லாவில் பணம் குறைவதைப்போலக் கூடுவதும் சந்தேகத்துக்குரியது என்று கல்லூரியில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். விதி முட்டாள்தனமானது இல்லை. மீதியை அமுக்குகிறவரின் கல்லாவும் இப்படித்தான் கூடும். எந்தக் காசு எப்படி வந்தது என்று கல்லாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. எழுந்து, "சார், அந்தச் சில்லறையத்தான் மத்த ரெண்டு கவுன்டரும்..." என்று தொடங்கினேன்.

"தம்பி, உக்காரு. அவங்க பொழப்பையும் சேத்து இழுக்காத."

உட்கார்ந்தேன். அக்கா சொன்னதால் உட்கார்ந்தேனா, உட்காரச் சொன்னதில் எனக்கு நிம்மதியா என்று இன்னும் பிடிபடவில்லை.

"ரெண்டாவதப் போடுங்க" என்றார் அக்கா.

மேற்பார்வையாளர் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு அழுத்தினார். முந்நூற்று நான்கையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டார். அக்கா விரல் உறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, உள்ளே பை எடுக்கப் போனார்.

"என்னோட நாலு?" என்றார் பற்பசைக்காரர்.

"சார்... அது கவர்ல போயிடுச்சு. ஆபீஸ்ல அனுமதி வாங்கித்தான் பிரிக்கணும்."

"நாலுக்கு அனுமதியா?" அவருக்குக் குரல் ஏறிவிட்டது. நின்று நின்று கால் கடுத்திருக்கும். "மீதியக்கூட ஒழுங்காத் தரத் தெரியாத ஆளுங்கள உக்கார வெச்சா இப்படித்தான். எத்தனை பேருகிட்ட இப்படி அமுக்கினாங்களோ!"

பையைத் தோளில் மாட்டியபடி வந்துகொண்டிருந்த அக்கா நின்றார். வாசல் பக்கம் போகாமல் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வந்தார். முதல் தடவையாக அவரை வாங்குகிறவர்கள் நிற்கும் பக்கத்தில் பார்த்தேன். தன் பர்ஸைத் திறந்து ஒற்றைக் காசுகளாகப் பொறுக்கி எடுத்தார். பற்பசைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதில் வைத்தார்.

"எண்ணுங்க."

"சரிம்மா, நாலுதானே. பாத்தாலே தெரியுது."

"எண்ணுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முணுமுணுப்பாக, "ஒண்ணு" என்றார்.

"சத்தமா."

"ஒண்ணு... ரெண்டு..."

அக்கா அவரையும் பார்க்கவில்லை, காசையும் பார்க்கவில்லை. மேற்பார்வையாளரையே பார்த்துக்கொண்டு, நாலு என்ற சொல் வந்து சேரும்வரை அந்த மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார்.