சொந்தத் தம்பிக்குக் கை தட்டினேன்

இந்த ஊரில் தோற்றவர்களுக்குக் கை தட்டுகிறார்கள். சொந்த மைதானத்தில் மூன்று கோல் வாங்கிக்கொண்டு, ஜெர்சியால் முகத்தை மூடியபடி நடக்கிற பதினோரு பேருக்கு, மழையில் நனைந்துகொண்டே எழுந்து நின்று தட்டுகிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே, கடலோரமாக இருக்கிற துறைமுக ஊர் இது. கிரேன் பழுது பார்க்கிற வேலைக்காக வந்தேன். வந்த வருஷமே சீசன் டிக்கெட் வாங்கினேன், ஆகவே "எங்கள் அணி" என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. எங்கள் அணி வருஷா வருஷம் பட்டியலின் அடியில் கிடக்கும். பக்கத்து இருக்கையில் கீத் என்று ஒரு பெரியவர். துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என் பெயரைக் கேட்கவே அவருக்கு இரண்டு சீசன் பிடித்தது. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் தெர்மாஸ் மூடியில் எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்துவிடுவார்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். எங்கள் மைதானத்தில் புல் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஒரு பக்கம் மாதா கோயில் தெரு, இன்னொரு பக்கம் கண்டெய்னர் யார்டின் மதில். உள்ளூர்க்காரர்களுக்கு நின்று பார்க்கிற இடம் அந்த மதிலடிதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து ஆட வந்தவர்கள் நல்லபடி ஆடினால் கை தட்டுவோம், முடிந்ததும் சோடா வாங்கிக் கொடுப்போம். வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. நம் பையன்களுக்குத் திட்டுதான். கோல் போட்டாலும் திட்டு, விட்டாலும் திட்டு. அதுவும் யார் வேண்டுமானாலும் யாரையும் திட்டிவிட முடியாது. அண்ணன், மாமன், சித்தப்பா, ஒரே தெரு என்று ஏதாவது ஒரு பாத்தியதை இருக்க வேண்டும். காசிமேட்டில் மீன் விற்கிற லூர்து அக்காவுக்கு மட்டும் பதினோரு பேரையும் திட்டுகிற உரிமை இருந்தது, ஏனென்றால் பதினோரு பேரும் அவள் கையால் மீன் வாங்கித் தின்றவர்கள்.

என் தம்பி சேவியர்தான் கோல்கீப்பர். இப்போது முப்பத்தைந்து வயதாகிறது, இன்னும் அவன்தான். அவனைத் திட்டுகிற வேலை என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை, என் தொண்டை மதிலைத் தாண்டி யார்டுக்குள் இருக்கிற செக்யூரிட்டிவரை கேட்கும். "டேய் சேவியரு, கைய வூட்டுல கயட்டி வச்சிட்டா வந்த?" என்று ஆரம்பித்தால் அடுத்த பந்தை அவன் புலி மாதிரி பாய்ந்து பிடிப்பான்.

இதே ஞாபகத்தில் இங்கே வந்த புதிதில் ஒரு காரியம் செய்தேன். எங்கள் கோல்கீப்பர் காலிடுக்கில் பந்தை விட்டான். நான் எழுந்தேன். சேவியருக்கு எழுதி வைத்ததை அப்படியே மெட்ராஸ் பாஷையில் முழுசாக எடுத்து விட்டேன். முன் வரிசைகள் மொத்தமாகத் திரும்பின. மஞ்சள் கோட்டுப் போட்ட அரங்கக் காவலர் ஒருவர் படியேறி வந்து, எனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கரிசனமாக விசாரித்தார். கீத்தான் என்னைக் காப்பாற்றினார். அந்தப் பையனுக்குத் தன் தப்பு தெரியும், நீ கை தட்டு, அவனுக்கு அதுதான் தெம்பு என்று பொறுமையாகச் சொன்னார். பாத்தியதையே இல்லாத ஒருவனை நான் திட்டியிருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. அவனுடைய அப்பா யாரென்றுகூட எனக்குத் தெரியாது. கை தட்டப் பழகிக்கொண்டேன்.

ஆட்ட முறையைப் பற்றி மட்டும் எனக்கும் கீத்துக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இங்கே தலைமுறை தலைமுறையாகப் பந்தைத் தூக்கி அடித்தே பழக்கம். புதிதாக வந்த கோச், கோல்கீப்பரிலிருந்து தரையோடு தட்டித் தட்டி ஏறச் சொல்கிறார். நடுவிலேயே பந்தைப் பறிகொடுத்துக் கோல் வாங்குகிறோம். அரங்கமே கோச்சை மாற்றச் சொல்கிறது, நான் ஒருவன்தான் அவர் பக்கம். தூக்கி அடித்தால் பந்து போய்விடுமே என்றேன் கீத்திடம். எங்கே போகும் என்றார். சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் ஆயிரக்கணக்கில் மனிதர்கள், பந்து போனால் திருப்பி எறியப்போகிறார்கள். ராயபுரத்தில் மதிலைத் தாண்டினால் பந்து கண்டெய்னருக்கு அந்தப் பக்கம். செக்யூரிட்டியிடம் கெஞ்ச வேண்டும், அவர் மனசு இறங்கினால்தான் ஆட்டம் தொடரும். அதனால்தான் எங்கள் ஆட்கள் பந்தைக் கணுக்காலுக்கு மேலே எழும்ப விடுவதில்லை. ஒரு மதிலுக்குப் பயந்து பிறந்த ஆட்ட முறையைத்தான் நான் தத்துவம் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் எங்கள் ராயபுரம் அணியும் சறுக்கியது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். தோற்றால் கீழ் டிவிஷன். சேவியர் போன் செய்தான். மதிலடியில் முன்னைப் போல் கூட்டம் இல்லை, பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், வாயைத் திறந்து திட்ட ஆளே இல்லை என்று குறைப்பட்டான். "நீ வந்து நின்னு திட்டுண்ணா. அப்பதான் எனுக்குக் கை காலு ஓடும்" என்றான். லீவு போட்டு, விமானம் ஏறிப் போனேன். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்ட கீத்திடம், தம்பியைத் திட்டப் போகிறேன் என்று சொன்னேன். குடும்பத் தகராறு என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மதிலடியில் லூர்து அக்கா பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். பாதி நேரம்வரை கோல் இல்லை. தரையோடு ஆடி ஆடித்தான் இந்தக் கதிக்கு வந்தோம், தூக்கி அடிக்கச் சொல்லுங்கள் என்று ஒரு கட்சி. யார்டுக்காரனுக்குப் பந்து தானம் பண்ணவா என்று அக்கா தலைமையில் எதிர்க்கட்சி. இரண்டாம் பாதியில் எதிரணி அடித்த சாதாரணப் பந்து ஒன்று சேவியர் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. அவன் எழுந்து, நேராக என்னைப் பார்த்தான். மதிலடியே என் வாயைப் பார்த்தது.

நான் கை தட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை. மூன்று வருஷப் பழக்கம், கை தானாக எழுந்துவிட்டது. போதாததற்கு, "பரவால்லடா, நல்ல முயற்சி" என்று வேறு சொல்லிவைத்தேன். சேவியர் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆட்டம் திரும்பத் தொடங்கி, நம் ஆட்கள் பந்தைப் பறிகொடுத்து, அவன் இன்னும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இரண்டாவது கோலும் விழுந்தது.

"இன்னாடா, தம்பிக்குப் போய்க் கை தட்டிகினு கீற? சோடாவும் வாங்கிக் குடுக்கப் போறியா?" என்றாள் லூர்து அக்கா. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

தோற்றோம், கீழ் டிவிஷனுக்குப் போனோம். அந்த வாரம் முழுக்க சேவியர் என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டான். சாப்பிட்டீங்களாண்ணா, தண்ணி வேணுமாண்ணா என்று பன்மையில் கேட்டான். அதைவிடக் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். "நீ திட்டுவேன்னு காத்துகினு இருந்தேண்ணா. நீ தட்டுனதும், யாரோ வெளியாளு வந்து நிக்கிற மாதிரி ஆயிடுச்சு." எனக்கு அழுகை வந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, இங்கே மதிய ஆட்டம், அங்கே சாயங்கால ஆட்டம். இங்கே அரங்கத்தில் எங்கள் அணி வழக்கம்போல் பின்தங்கியிருந்தபோது லூர்து அக்காவிடமிருந்து வீடியோ கால். மதிலடியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் மீன் ஏலத்துக்குக் கூவுகிற மைக். மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உன் தம்பி ஒயுங்கா ஆட மாட்றான், நீயே கேளு" என்று கட்டளையிட்டாள். திரையில் சேவியர் கட்டை விரல் அளவுக்குத் தெரிந்தான். ஒரு பந்து வந்தது. இடப்பக்கம் விழுந்து அள்ளிப் பிடித்துக்கொண்டு, அப்படியே படுத்துக் கிடந்தான்.

"டேய் சேவியரு, இன்னாத்துக்குடா கோயி மாதிரி அத்து மேல குந்திகினு கீற? எயுந்து உருட்டி வுடுடா!"

நான் போட்ட சத்தம் அக்காவின் மைக் வழியாக ராயபுரம் மைதானம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். கட்டை விரல் அளவு மனிதன் துள்ளி எழுந்து, பந்தை உருட்டிவிட்டு, போன் இருக்கிற திசையைப் பார்த்துக் கையை உயர்த்தினான். மதிலடியில் சிரிப்பு வெடித்தது. இங்கே முன் வரிசைகள் திரும்பின. யாரைத் திட்டினாய் என்று கேட்டார் கீத். என் தம்பியை என்றேன். பந்தை விட்டுவிட்டாரா என்றார். இல்லை, பிடித்துவிட்டான் என்றேன். கீத் குனிந்து என் போனை எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பையன் ஒருவன் திறந்து கிடந்த கோலுக்கு வெளியே அடித்தான். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. நானும் எழுந்தேன். ஒரு கையில் ராயபுரம் கத்திக்கொண்டிருந்ததால், மற்றக் கையால் தொடையில் தட்டினேன்.