அத்தை கொழுந்து பறித்துக் காட்டிய நாள்

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மறதியும் வந்துவிட்டதால் முன்னே பின்னே மாற்றிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. மறந்தால் தேவலை.

நகரியில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. நைனாவின் சித்தப்பா மகள், எனக்கு அத்தை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவள். புருஷன் செத்ததும் கப்பலேறி எங்களை நம்பி வந்துவிட்டாள். தறி வேலை தெரியாது. சும்மா உட்கார்ந்து சோறு தின்னக் கூச்சம். பள்ளிக்கூடத்தில் உப்புமா கிண்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

அன்றைக்குப் பார்த்துத் தேயிலைப் பாடம். சீனா, அசாம், இலங்கை, கென்யா என்று நான்தான் எழுந்து ஒப்பித்துக்கொண்டிருந்தேன். வந்தவள் இலங்கைக்காரி என்று தெரிந்ததும், புத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் டீச்சருக்கு ஒரே சந்தோஷம்.

"உள்ள வாம்மா. எப்டி பறிப்பீங்கன்னு பசங்களுக்குக் காட்டு."

அத்தை தலையை மூடியிருந்த முந்தானையை எடுத்தாள். கூடைக் கயிற்றைத் தலையில்தான் மாட்டுவார்களாம். இல்லாத கூடையை முதுகில் சுமந்துகொண்டு, "ரெண்டு எல, ஒரு மொட்டு. முத்துன எலய பறிச்சா கங்காணி ஏசுவாரு" என்று இரண்டு கையாலும் காற்றைக் கிள்ளினாள். அந்த விரல்களின் வேகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் உச்சந்தலையைத்தான் பார்த்தோம். கயிறு அழுத்தி அழுத்தி அங்கே ஒரு பட்டைக்கு முடியே இல்லை.

"டேய், பொம்பளைக்கு வழுக்கடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் என்னை இடித்தாள். "ஏய், உங்க ஊட்ல இருந்துதானே வந்துக்கினு இருந்துச்சு? யாருடி அது?"

"யாருக்குத் தெரியும்? தறிக்குப் பாவு நூல் போட வந்த கூலி ஆளு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

டீச்சர் பசங்களின் சிரிப்பை அடக்கிவிட்டு, "வேல குடுக்கலாம்மா. ஆனா உன்ன தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லணும். யாரு ஊட்ல இருக்கே?" என்று கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"இங்க எனக்கு யாரும் இல்லீங்க டீச்சர்" என்றாள். முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் நைனா, "இன்னாம்மா ஆச்சு வேல?" என்றார்.

"முன்னாடியே ஆள் எடுத்துட்டாங்களாம் அண்ணே."

நான் சொன்னது அவள் காதில் விழவில்லை, தப்பித்தோம் என்று அன்று இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கித் தின்றேன். அடுத்த மாதமே அவள் ராமகுப்பம் பக்கம் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை பறிக்கும் வேலைக்குப் போனாள். அங்கேயே கண்ணை மூடினாள். டீச்சர் முன்னால் நான் பொய்க்காரி ஆகக்கூடாது என்றுதான் அந்த வேலையை விட்டாள் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.

தோட்ட வேலை தெரிந்தவர்கள் நான் எழுதியதில் பிழை இருந்தால் பார்த்துத் திருத்துங்கள். அத்தை இருந்தது எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்காதீர்கள். அவளிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.