டீவி கூடுமா, கூடாதா? – ஒரு அட்மின் பட்ட பாடு

வட்ஸ்அப் குறூப் அட்மின் வேலை என்பது சம்பளம் இல்லாத, ஆனால் ஏச்சு மட்டும் தவறாமல் வந்து சேருகிற உத்தியோகம். அதைப் பார்த்தவர்களுக்கும், வெளியேறினால் சொந்தக்காரர் கோபிப்பார்களே என்று குறூப்புக்குள்ளேயே கிடக்கிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். கடைசியில் நல்ல சிரிப்பு ஒன்று இருக்கிறது. உடனே தரமாட்டேன். நான் பட்டதில் கொஞ்சமாவது நீங்களும் பட வேண்டாமா?

மௌலவி போன வழி

கல்முனையில் எங்கள் தெருவுக்கென்று இந்தக் குறூப்பைத் தொடங்கியது மூன்று காரியத்துக்கு: யாரும் இறந்தால் ஜனாஸா அறிவித்தல், கரண்ட் வெட்டு, இன்றைக்கு மீன் பட்டதா இல்லையா. ஓஎல் சோதனை எழுதிவிட்டுச் சும்மா இருந்த என்னை அட்மின் ஆக்கினார்கள். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, பசாரில் புடவைக்கடை வைத்திருக்கிற எங்கள் வாப்பா கேள்வி ஒன்றைப் போட்டார்: வீட்டில் டீவி வைத்திருப்பது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா? கூடாது என்று குறூப்பில் முடிவானால் அடுத்த நாளே எங்கள் டீவியைக் கழற்றி விற்றுவிடுவாராம். உம்மாவின் நாடகமும் என் கிரிக்கெட்டும் ஒரே ஆணியில் தொங்கின.

மஃரிப் தொழுகைக்குள் நூறு பதில். மார்க்கம் படித்தவர் குறூப்பில் ஒரே ஒரு மௌலவிதான். அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் எனக்குத் தனியாக வொய்ஸ் அனுப்பினார்: "தம்பி, நான் குறூப்ப விட்டுப் போறன். ஜனாஸா வந்தா மட்டும் எனக்கொரு கோல் எடுங்க."

திரையில் வந்த ஆதாரம்

'கூடாது' கட்சிக்குத் தலைவர் ரிட்டயர் ஆன வாத்தியார் ஜெமீல் சேர். மூக்கால் பேசுவார். "பிள்ளைகாள், கவனிங்க" என்று அவர் குரலில் நான் சொல்லிக்காட்டினால் அவருடைய பழைய மாணவர்கள் இன்றைக்கும் எழும்பி நிற்பார்கள். சேர் அனுப்புகிற ஆதாரமெல்லாம் வீடியோ. ஒருவர் முக்கால் மணித்தியாலம் திரையில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

வள்ளம் வைத்திருக்கிற நிஸார் காக்கா எல்லாவற்றுக்கும் 'ஓம் சேர்' போடுகிற மனிதர். அவருக்கே அன்றைக்குப் பொறுமை போய்விட்டது: "சேர், போன்ல வீடியோ தெளிவில்ல. டீவில போட்டு வடிவாப் பாத்திட்டு, பிறகு டீவிய விக்கன்."

சாரம் கட்டிய டீவி

முடிவு வரும்வரை பேணுதலாக இருக்கட்டும் என்று வாப்பா கடையிலிருந்து இடுப்பில் கட்டுகிற புதுச் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து டீவியை மூடினார். செய்தியைக் காதால் கேட்கலாம், பார்க்கக் கூடாது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மெட்ச்.

சாரத்தின் கீழ்க்கரையை ஒரு சாண் மடித்தார், ஸ்கோர் தெரிகிற அளவுக்கு. இரண்டு விக்கெட் போனதும் இன்னொரு மடிப்பு. கடைசி ஓவரில் சாரம் டீவிக்கு மேலே தலைப்பாகை மாதிரி இருந்தது. நான் பார்த்த பார்வைக்கு வாப்பா கேட்காமலே பதில் சொன்னார்: "ஸ்கோர்தான் பாக்கன். ஆரு அடிக்கான் எண்டு தெரியாம ஸ்கோர எப்பிடி நம்புற?"

கட்டார் ஹாஜியார்

இதற்குள் 'கூடும்' கட்சி களைத்துப்போனது. அவர்கள் அடங்கினால் டீவி போச்சு. நாம் வெல்லத் தேவையில்லை, விவாதம் முடியாமல் இருந்தால் போதும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இணையத்தில் அது கஷ்டமான வேலையா? இன்னொரு சிம் போட்டு, 'கட்டார் ஹாஜியார்' என்று ஒருவரைக் குறூப்பில் சேர்த்தேன். ஊர் நம்பரைத்தான் அந்த வளைகுடா நாட்டிலும் பாவிக்கிறாராம். தொண்டையில் கரகரப்பு, வசனத்துக்கு வசனம் 'யா அஹீ', அரபியில் 'சகோதரா'. மௌலவிமாரின் குரலில் மட்டும் நான் கைவைப்பதில்லை, அதற்கு இரண்டு உலகத்திலும் அடி விழும். 'கூடாது' பக்கம் சாய்ந்துவிட்ட வாப்பா எதைச் சொன்னாலும் ஹாஜியார், "ஒப்புக்கொள்றன், ஆனா..." என்று தொடங்குவார்.

ஒரு கிழமையாக வாப்பா சோற்றையும் மறந்து ஹாஜியாரோடு மல்லுக்கட்டினார். அடுத்த அறையில் இருந்த என்னிடமே வந்து சொன்னார்: "மனிசனுக்கு அறிவு மட்டு. ஆனா என்ன பண்பான குரல்! கேட்டுப் படி மகன்."

தும்மல்

அன்றைக்கும் நான் கதவைச் சாத்திக்கொண்டு ஹாஜியாராகப் பேசிக்கொண்டிருந்தேன். ஹோலில் வாப்பா பெரிதாகத் தும்மி, அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அதைக் கேட்டவர் 'அல்லாஹ் அருள் புரியட்டும்' என்று பதில் துஆச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் மதரஸாவில் பிடித்த பழக்கம், நாக்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சொன்னதுகூடத் தெரியாமல் மிச்சத்தையும் பேசி அனுப்பிவிட்டேன்.

வாப்பா வொய்ஸைத் திறக்காமலே குசினிக்குப் போனார். "இந்த ஹாஜியார மட்டும் மடக்கிட்டா நாளைக்கே டீவிய கழட்டுறன்" என்றார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். உம்மா மீன் ஆய்ந்தபடியே சொன்னார்: "இஞ்சேருங்க, இது என்ட சீதன வீடு. டீவி தொங்குற சுவரும் என்ட. கட்டார்ல கேக்க முதல் குசினில கேட்டிருக்கலாமே?"

வாப்பா அவசரமாகப் போனை எடுத்தார். கதையை மாற்ற ஹாஜியாரின் வொய்ஸை ஓட விட்டார். "யா அஹீ, ஒப்புக்கொள்றன், ஆனா..." பிறகு தூரத்தில் ஒரு தும்மல். வாப்பாவின் தும்மல். வாப்பாவின் அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பின்னால், தேன் மாதிரித் தெளிவாக என் சொந்தக் குரல்: "யர்ஹமுகல்லாஹ், வாப்பா."

உம்மா சிரித்த சிரிப்பில் மீன் சட்டி கவிழ்ந்தது. வாப்பா சிரிக்கவில்லை. என் அறைக் கதவை, வெளிநாட்டு விருந்தாளியைக் கூப்பிடுகிற மரியாதையோடு மெல்லத் தட்டினார்: "ஹாஜியார், துஆவுக்கு ஜஸாகல்லாஹு ஹைர். இனிக் கட்டார்லேந்து வெளிய வாங்க."

விவாதம் இன்னும் குறூப்பில் நடக்கிறது, டீவி உம்மாவின் சுவரில் ஓடுகிறது, ஒரு முடிவு வந்தது என் போனுக்கு மட்டும்தான்: கூடாது.