எல்லா வீட்டுக்கும் ஒரு பைப்பு

கணினியியலில் தர்க்கம் பற்றிய அந்த மாநாட்டுக்கு நான் கட்டுரை அனுப்பியது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. கலாநிதிப் பட்டத்துக்கான என் பதிவை இரண்டு தடவை நீட்டிக் கொடுத்த பல்கலைக்கழகம், இந்த வருடத்துக்குள் கட்டுரை ஏற்கப்படாவிட்டால் நான் மூட்டையைக் கட்டலாம் என்பதை மரியாதையான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தது. எட்டு வருட உழைப்பு. பயம் இருந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

என்னோடு சேர்ந்து எழுதிய நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் துறையிலேயே விரிவுரையாளர், கெலிஓயாவில் வாடகைக்கு இருந்தார். தேற்றங்களை நிறுவுவது என் வேலை, அதை ஆங்கிலத்தில் எழுதி அடுக்குவது அவர் வேலை. பேச்சு மட்டும் தமிழில், அதுவும் பெரும்பாலும் போனில். கட்டுரை முழுவதும் நான்காவது லெமாவின் மேல்தான் நின்றது. லெமா என்றால் பெரிய தேற்றத்துக்கு ஏறிப்போகப் படியாக வைக்கும் சின்னத் தேற்றம். நாங்கள் ஆராய்ந்த சிறிய கணினி மொழியில் எழுதும் நிரல்கள் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்காது, ஓர் எல்லைக்குள் நின்றுவிடும் என்பதுதான் அந்த லெமா சொன்ன சங்கதி.

இந்த மாநாடுகளின் கடைசித் தேதியில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை அனுப்பலாம். கணக்குப் பார்த்தால் கண்டியில் அது மறுநாள் மாலை ஐந்தரை மணி. அன்று காலையில் கட்டுரை தயாராக இருந்தது. எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியக்கூடாது என்ற விதிப்படி எங்கள் பெயர்களையும் எடுத்தாயிற்று. கடைசியாக ஒரு தடவை வாசித்துவிட்டு அனுப்பலாம் என்று மஹய்யாவயில் எங்கள் வீட்டில் தேநீரோடு உட்கார்ந்தேன்.

அம்மா தண்ணீர் வாளியோடு உள்ளே வந்தார். முன்பொரு தடவை எங்கள் சந்துக்கு வாக்குக் கேட்டு வந்த ஒருவர் கொடுத்த வாக்குறுதியை வாரத்துக்கு ஒரு தடவையாவது திட்டாவிட்டால் அம்மாவுக்குப் பொழுது போகாது.

"எல்லா வீட்டுக்கும் ஒரு பைப்புன்னு சொன்னான். சொன்ன மாதிரியே போட்டுட்டான் பாரு. எல்லா வீட்டுக்கும் சேத்து ஒரே ஒரு பைப்பு. கேட்டா, நான் பொய் சொல்லலியேங்கிறான்."

நூறு தடவை கேட்ட புலம்பல்தான். எப்போதும்போலச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டி நான்காவது லெமாவுக்கு வந்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

"எல்லா புரோகிராமுக்கும் ஒரு எல்லை இருக்கு" என்று நான் நண்பரிடம் போனில் சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அதனதன் எல்லை என்று நினைத்துத்தான் சொன்னேன், நிறுவியதும் அதைத்தான். அவர் எழுதியிருந்ததோ, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எல்லை என்று. குறியீட்டில் பார்த்தால் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். அர்த்தத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வருடப் பிள்ளைகள் இதே பிழையை விட்டால் இரக்கமில்லாமல் புள்ளி வெட்டுகிறவள் நான். மூன்று மாதமாக என் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போய்ச் சேரப் பதினொரு மணி தாண்டிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் நண்பர் கதிரையை விட்டு எழும்பாமலே கேட்டார்.

"நீங்கள் எல்லாத்துக்கும் ஒண்டு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"சொன்னேன். ஒன்னொன்னுக்கும் ஒன்னுங்கிற அர்த்தத்துல சொன்னேன். நீங்க எங்க சந்துல பைப்பு போட்டவன் மாதிரி எழுதிட்டீங்க."

பைப்புக் கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பிடியெண்டா தேற்றமே விழுந்திடும்," என்றார்.

விழுகிறதா என்று பார்க்க உட்கார்ந்தோம். லெமா பயன்பட்ட ஒவ்வோர் இடத்தையும் தேடிப் பிடித்தோம். ஒவ்வொன்றிலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு ஆளுக்கொரு பைப்பு போதுமோ, பொதுப் பைப்புத்தான் வேணுமோ?" பைப்பு என்ற சொல் அதற்குள் அவர் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று மணிவாக்கில் விடை தெரிந்தது. பெரிய தேற்றம் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே எடுத்துப் பேசியது. அதற்கு அந்த நிரலின் சொந்த எல்லையே போதும். தேற்றம் தப்பித்தது. கடைசிப் பக்கத்தில் இருந்த கிளைத்தேற்றம் மட்டும் பொது எல்லை இல்லாமல் நிற்காது. அது நண்பர் தானாகக் கண்டுபிடித்தது, அவருடைய செல்லப்பிள்ளை.

அவர் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தார். பிறகு, "ஓம், பிழை பிழைதான். வெட்டுவம்," என்று தன் கையாலேயே அழித்தார். அன்று அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. லெமாவைத் திருத்தி, அந்த வேறுபாட்டை விளக்கி ஒரு பந்தியும் சேர்த்து, ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பிவிட்டோம்.

பதில் வந்தபோது நான் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றேன். ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே வாய் திறக்க முடியாது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, சத்தம் வராமல் அழுதேன். எட்டு வருடம் வீண் போகவில்லை, நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதிப்பீட்டாளர் ஒருவரின் குறிப்பைப் பிறகுதான் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒன்று என்ற வேறுபாட்டை நான்காவது லெமாவில் இவ்வளவு கவனமாகக் கையாண்டிருப்பது பாராட்டுக்குரியது என்று எழுதியிருந்தார். நண்பருக்கு அதை வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

கட்டுரை அனுப்பிய அன்றிரவே, அவருடைய பைப்புப் புலம்பலால்தான் பிழை அகப்பட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"பாஸா?"

"பாஸ்ம்மா."

"அந்தப் பைப்பு விஷயம்? எல்லாத்துக்கும் ஒன்னுன்னு போட்டியா, வீட்டுக்கு ஒன்னுன்னு போட்டியா?"

"வீட்டுக்கு ஒன்னுன்னுதான்."

"நீ காகிதத்துலயாவது குடுத்தியே," என்று வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பைப்படியில் வரிசையில் நின்றவர்களிடம் அவர் சொன்னது வீட்டுக்குள் கேட்டது.

"எம் மக வீட்டுக்கு ஒரு பைப்புன்னு நிரூபிச்சிட்டா. வெளிநாட்டுக்காரனே ஒத்துக்கிட்டான்."