முதல் வரியில் அண்ணன் பெயர்

எண்பதுகளின் கடைசி. கோலா பிலா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அண்ணன், பெடாஸ் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். அவன் விட்டுப்போனது ஒரு பழைய கம்ப்யூட்டரும் விளையாட்டு ஒன்று இருந்த ஃப்ளாப்பி டிஸ்க்கும். விளையாட்டு தொடங்கியதும் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியல் வரும். முதல் வரியில் அண்ணன் பெயர். ஆங்கிலத்தில் எங்கள் இருவர் பெயரை மட்டும் அடையாளம் தெரிந்த அம்மா, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அதைப் போட்டுக் காட்டச் சொல்வார். டிஸ்க் கரகரவென்று சுழலும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும். எனக்கு யாரோ அறைக்குள் வருவதுபோல் இருக்கும்.

ஆயுத பூசைக்கு அண்ணன் கம்ப்யூட்டர் மெஷினுக்கு மட்டும்தான் பொட்டு வைப்பான். அந்த வருடம் நான், பக்தி முற்றி, டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்து, உள்ளே கருந்தகடு தெரிகிற திறப்பிலேயே சந்தனத்தை அப்பினேன். மடையன். துடைத்தும் பயனில்லை; நாலு தடவை போட்டால் ஒரு தடவை ஓடியது. அந்த ஒரு வரியும் போனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்து, நகல் எடுக்க உட்கார்ந்தேன்.

எடுத்த நகலைப் போட்டால் விளையாட்டு பாதியில் நின்றது. யாரும் திருடக்கூடாதென்று, விற்றவர்கள் டிஸ்க்கில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்திருந்தார்கள். நகலெடுக்கும் புரோகிராம் நல்ல பிள்ளையாக அதைச் சரிசெய்துவிடும். விளையாட்டோ அந்தப் பிழையைத் தேடும். காணாவிட்டால் அப்படியே நின்றுவிடும். அந்தத் தேடலை நிறுத்த விளையாட்டின் புரோகிராமுக்குள் புகுந்து எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். வேலைக்குப் போகவில்லை. சோறு ஆறிக் கிடக்கும். பின்னால் நின்று அண்ணன் 'அங்க இல்லடா' என்கிறான் என்றே நினைத்தேன். இரண்டு தடவை திரும்பிப் பதிலும் சொன்னேன். அது அம்மா காதில் விழுந்திருக்கிறது.

மூன்றாம் வாரம் நகல் ஓடியது. அதற்குள் பழைய டிஸ்க் அடியோடு செத்திருந்தது. புள்ளி பதிகிறதா என்று பார்க்க ஓர் ஆட்டம் ஆடி, என் பெயரைக் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டேன்.

கும்பிட்ட கையோடு வந்து பார்த்தார். அண்ணன் பெயருக்கு நேர் கீழே என் பெயர்.

"நீ எதுக்குடா உள்ள போன?"

என் பெயரை மட்டும் எடுத்துவிடலாம், ஒரு நிமிட வேலை என்றேன். அவர் கேட்கவில்லை.

"அவன் கூப்பிடுறான், நீ பேசுற. நான் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன். ரெண்டு பேரையும் அழிச்சிடு."

அழித்தேன். டிஸ்க் சுழன்று ஓயும்வரை அம்மா என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார்.