மஞ்சள் கோடு உரிந்த இடம்

எங்கள் பட்டறையில் தரை கழுவுவது என் அக்கா. கழுவுவது என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆட்சி செய்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு வண்டிகள் நிற்கும் காங்கிரீட் தரை அது. அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட அவள் அனுமதியில்லாமல் அங்கே கிடந்ததில்லை. மெக்கானிக்குகள் என்னையும் சேர்த்து மூன்று பேர், முதலாளி ஒருவர். நான்கு பேருக்கும் அவளிடம் பயம். எனக்கு மட்டும் இரட்டைப் பயம், வீட்டுக்குப் போனாலும் அவள்தானே அக்கா.

எண்ணெய் சிந்தினதும் தண்ணீரை எடுத்து ஊற்றுகிற ஆளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "தண்ணி ஊத்தினா எண்ணெய் ஊர்வலம் போகும்டா, மண்டு" என்பாள். ஒரு வாளி மரத்தூளைக் கொட்டி, பழைய செருப்புக் காலால் மிதித்து மிதித்துக் குடிக்க விடுவாள். அரை மணி நேரம் கழித்துக் கூட்டி அள்ளுவாள். பிறகு சோப்புத் தூளை வெந்நீரில் பசையாகக் குழைத்துப் பூசி, முரட்டு பிரஷ்ஷால் முழங்காலிட்டுத் தேய்ப்பாள். காங்கிரீட் எண்ணெயைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், மறுநாள்தான் கறையைக் கக்கும். கக்கினால் மறுபடியும் தூள், மறுபடியும் சோப்பு. இது நடப்பதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு வண்டி நிற்கும் இடத்துக்கும் அவளே மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டாள். அதை மிதித்துக்கொண்டு நடந்ததற்கு நான் வாங்கிய திட்டு தனிக்கதை.

அந்தத் தரையில் ஒரு சட்டம் உண்டு. வண்டி நின்ற இடத்தில் சொட்டு தெரிந்தால் உடனே துடைக்கக் கூடாது. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அவன் குனிந்து, தொட்டு, மோந்து பார்த்து 'சரி' என்ற பிறகுதான் மரத்தூள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. வண்டிக்கு வரப்போகிற கோளாறைச் சொட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். கறுப்பாக இருந்தால் என்ஜின், பச்சையாக இருந்தால் ரேடியேட்டர். நிறமே இல்லாமல் விரலில் வழுவழுவென்று ஒட்டினால் பிரேக் ஆயில். அது தெரிந்த வண்டி கதவைத் தாண்டவே கூடாது.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டுகிறார். நர்ஸுகளை ஏற்றிக்கொண்டு போவதும் வருவதும்தான் வேலை. ஆயில் மாற்றுவதற்காக ஒரு நாள் அந்த வேன் எங்கள் பட்டறையில் நின்றது. மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொண்டு போனார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் துடைத்துக் காயவைத்த வீட்டுத் தரையில் கிரீஸ் ஷூவோடு நடந்த குற்றத்துக்காக இருவருக்கும் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

வேன் போன பிறகு பின்சக்கரம் நின்ற இடத்தில் அக்கா வட்டம் போட்டாள்.

"டேய், இங்க வந்து இதைப் பாரு."

நான் ஒரு காரின் என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தேன். துருப்பிடித்த ஒரு போல்ட் அரை மணி நேரமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஏசி தண்ணியா இருக்கும்க்கா. துடைச்சிடு."

"நீ பாக்கவே இல்லையேடா?"

"ரெண்டு சொட்டுக்கு ஊரைக் கூட்டாதேக்கா! அடுத்த வண்டி வெளியில நிக்குது பாரு. துடைச்சிடுன்னா துடைச்சிடு!"

பிறகு தூள் விழும் சத்தமும் பிரஷ் சத்தமும் கேட்டன. அடுத்த வண்டி வந்து அந்த இடத்தில் நின்றது.

அந்த வண்டி வெளியே போனபோது மதியம் ஒன்றே முக்கால் இருக்கும். வேனின் பின்சக்கரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

"டேய், என் கோடு ஏன்டா இப்படி ஆயிடுச்சு?"

போய்ப் பார்த்தேன். சொட்டு ஓடிப்போய்த் தொட்ட இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் பெயின்ட் சுருங்கி, தோல் தோலாக உரிந்து நின்றது. என்ஜின் ஆயில் பெயின்ட்டை அப்படிச் செய்யாது. தண்ணீர் சத்தியமாகச் செய்யாது. இப்படிப் பெயின்ட்டைத் தின்பது பிரேக் ஆயில்தான்.

அக்காவுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினாலு வருஷமாக அந்தத் தரையைப் படிக்கிறவள். காலையில் மாமா கிளம்பியதிலிருந்து பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கும். ஏறும்போது பிரேக்குக்கு அவ்வளவாக வேலையில்லை. இரண்டு மணிக்கு நர்ஸுகளை ஏற்றிக்கொண்டு இறங்குவார். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் முதல் வளைவு, அதற்குக் கீழே பள்ளம்.

"நீ எதுக்குத் துடைச்சே?" என்று கத்தினேன். பயத்தில் அப்படித்தான் வாயில் வந்தது.

அவள் போனை எடுத்தாள். மாமாவுக்கு மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடியும் போட்டாள். எடுக்கமாட்டார். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவளே அவள்தான். வண்டியில் உட்கார்ந்ததும் டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்.

"நான் வாங்கின சத்தியம்டா, அது என் தலையிலேயே விடிஞ்சுது" என்றாள்.

பில் புத்தகத்தில் ஆஸ்பத்திரி நம்பர் இருந்தது. போட்டால் பாட்டு பாடியது. 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு பெண் குரல் கொஞ்சியது. அவளை அப்படியே அறையலாம் போலிருந்தது எனக்கு. கடிகாரம் இரண்டு அடிக்க நாலு நிமிஷம். பிறகு ஒருத்தி எடுத்தாள்.

"வேனா? எல்லாரும் ஏறிட்டாங்களே. இருங்க, கேட்டுக்கு லைன் போடறேன்."

காவல்காரர் எடுத்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"அண்ணே, கேட்டை மூடுங்க! வேனை வெளியில விடாதீங்க!"

"யாரும்மா நீங்க?"

"டிரைவர் பொண்டாட்டி."

"அய்யய்ய, வீட்டுச் சண்டையைக் கேட்டுக்குக் கொண்டுவராதீங்கம்மா. அவர் பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்காரு..."

"வண்டியில பிரேக் இல்லைண்ணே!"

ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம். ஓடும் செருப்புச் சத்தம். இரும்பு கிறீச்சிட்டது. யாரோ 'ஏய், ஏய்' என்று கத்தினார்கள். பிறகு டம் என்று ஒரு சத்தம்.

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

பட்டறையே எங்களைச் சுற்றி நின்றது. அக்கா போனைக் காதில் வைக்கவில்லை, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். காலையில் பத்தடி நடந்து வந்து ஒரு விரலைத் தரையில் வைத்திருந்தால் போதும். பத்தே அடி. அதை நான் அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"ஏய், நான்தான்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க..." என்றாள்.

"பெடல் அப்படியே உள்ள போயிடுச்சு. ஹேண்ட்பிரேக்கை இழுத்தும் வண்டி உருண்டுக்கிட்டே போச்சு. கேட்டுல முட்டித்தான் நின்னுச்சு. பதினோரு பேரும் நல்லா இருக்காங்க. எனக்கும் ஒண்ணுமில்ல, கேட்டுதான் கோணிக்கிச்சு. கேட்டு மட்டும் தொறந்திருந்தா..." என்றார். பிறகு, "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"தரை சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

சாயங்காலம் வேனைக் கட்டி இழுத்து வந்தார்கள். பின்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே பிரேக்கை அழுத்தும் சின்ன சிலிண்டர் ஒழுகி, எல்லாம் நனைந்து கிடந்தது. முதலாளி கொதித்துப் போயிருந்தார்.

"காலையில சொட்டு இருந்திருக்கே! யாருமே பாக்கலையா?"

நான் வாயைத் திறந்தேன் என்று சொல்ல ஆசைதான். திறக்கவில்லை.

"நான்தான் ஏசி தண்ணின்னு நெனச்சுத் துடைச்சுட்டேன்" என்றாள் அக்கா.

முதலாளி அவளைப் பிடிபிடி என்று பிடித்தார். சட்டம் தெரியாதா, பதினாலு வருஷம் என்ன கிழித்தாய் என்றெல்லாம் கேட்டார். தரையைப் பற்றி யார் வாயிலும் ஒரு குறை கேட்டிராதவள் தலை குனிந்து நின்றாள். மாமா அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், சுத்தமாக இருந்த ஸ்பேனரை.

வீட்டில் அவளிடம் தனியாகக் கேட்டேன். "ஏன்க்கா என்னைச் சொல்லலை?"

"சொன்னா, நீ தொட்ட வண்டியில எவன்டா ஏறுவான்? போய்த் தூங்கு."

எங்கே தூங்குவது? கண்ணை மூடினால் 'டம்' என்று கேட்டது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பட்டறையில் அக்கா வட்டம் போட்டுக் கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடினேன். குனிந்து, தொட்டு, மோந்து, 'தண்ணிதான்க்கா' என்றால், "இன்னொரு தரம் பாரு" என்பாள். பார்த்தேன். உரிந்த கோட்டுக்கு மட்டும் அவள் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் மாமா வேனை எடுக்க வந்தார். சாவியைக் கொடுக்கப் போனவன் கொடுக்காமல் நின்றேன்.

"மாமா, அன்னிக்கு அக்கா என்னைக் கூப்பிட்டா. நான்தான் பாக்காமலே துடைக்கச் சொன்னேன்."

அவர் என் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

"தெரியும்டா. இருபது வருஷமா அவளோட குடித்தனம் பண்றேன். கேக்காம துடைக்கிறவளா அவ? நீ எப்ப வாயைத் தொறப்பேன்னுதான் மூணு நாளா காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு முதலாளி அறையைக் கையால் காட்டினார். "போ, அங்கேயும் சொல்லு. நீ சொல்லிட்டு வர்ற வரைக்கும் நான் வண்டியை எடுக்கல."

அக்கா பிரஷ்ஷை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மஞ்சள் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.